1513 ஆமா, 3 இல்ல: ஃபாக்லாந்துல ஒரு வாரம்

சான்டியாகோ திரும்பி பத்து நாளாச்சு, காதுக்குள்ள இன்னும் அந்தக் காத்துச் சத்தம் போகல. வேலை விஷயமா மூணு வருஷமா சிலில இருக்கேன், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஃபாக்லாந்துங்கறது தென் அட்லான்டிக்ல பிரிட்டன் ஆளற தீவுக்கூட்டம். அர்ஜென்டினா அது எங்களோடதுங்குது, 1982ல ரெண்டு நாடும் அதுக்காகப் போரே நடத்துச்சு. இங்கேருந்து அங்க போக வாரத்துக்கு ஒரே ஒரு விமானம், சனிக்கிழமை போனா அடுத்த சனிக்கிழமைதான் திரும்ப முடியும். பென்குயின் பாக்கலாம்னுதான் கிளம்பினேன், வேற எந்தப் பெரிய எண்ணமும் இல்ல. போனப்புறம்தான் உறைச்சது, "நாங்க யார் கூட இருக்கணும்"னு அந்த ஜனங்க ஓட்டுப் போட்டு அதே வாரத்தோட பத்து வருஷம் ஆகுதுன்னு. டைரில எழுதினதை நாள்வாரியா போடறேன், இப்போ தோணினதையும் அங்கங்க சேத்திருக்கேன்.

மார்ச் 4, 2023, சனி: மவுண்ட் பிளெசன்ட்

விமானம் இறங்கறதுக்கு முன்னாடியே "ஜன்னல் வழியா போட்டோ எடுக்காதீங்க"ன்னு அறிவிப்பு. ஏன்னா இறங்கறது பிரிட்டிஷ் ராணுவத்தோட தளத்துல. ஊருக்கு வர்ற பெரிய விமானம் எல்லாத்துக்கும் இதே ரன்வேதான். சீருடைக்காரங்க வரிசையை ஒழுங்குபடுத்தறாங்க, ஒரு நாய் பெட்டிகளை மோந்து பாக்குது. என் பெட்டில அம்மா குடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் இருந்துச்சு, அதை அங்க பெட்டியைச் சோதிச்ச பொண்ணு எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பாத்து "இது என்ன, எவ்வளவு காரம்"னு உண்மையிலேயே ஆர்வமா கேட்டுட்டு சீல் இருக்கான்னு பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுச்சு. மூணு நாள் கழிச்சு அந்த ஊறுகாய்தான் எனக்குத் தெய்வமா இருந்துச்சு, அது அப்புறம்.

அங்கேருந்து ஸ்டான்லிக்கு 56 கிலோமீட்டர், வேன்ல போனோம். மரமே இல்ல. ஒரு மரம்கூட இல்ல. மஞ்சப் புல்லு, கருப்பு மண்ணு, ஆறு மாதிரியே ஓடற பாறைக் குவியல், நடுவுல ஆடு. எதிர்ல வர்ற ஒவ்வொரு வண்டிக்கும் டிரைவர் ஸ்டியரிங்ல இருந்து ஒரு விரலைத் தூக்கறாரு, அவங்களும் தூக்கறாங்க. தெரிஞ்சவங்களான்னு கேட்டேன், "தெரியாதவங்களா இருந்தாலும் தூக்கணும், நாளைக்கு வண்டி சேத்துல மாட்டுச்சுன்னா இவங்கதானே இழுக்கணும்"னாரு.

தங்கின இடம் ஒரு வீட்டு மாடி ரூம். வீட்டுக்கார அம்மாவுக்கு 66 வயசு. போன உடனே முதல் பிரச்சினை, என் கார்டு வேலை செய்யல. கையில இருந்தது 40 பவுண்டு. இங்க புழங்கறது தீவு பவுண்டு, பிரிட்டன் பவுண்டுக்கு அதே மதிப்பு, ஊருக்கே ஒரே ஒரு பேங்க், சனி ஞாயிறு மூடியிருக்கும். நான் தயங்கி நிக்கறேன், அந்தம்மா சாவியைக் கையில வெச்சு அழுத்தி "திங்கக்கிழமை குடு, எங்க ஓடிடப் போற, அடுத்த விமானம் சனிக்கிழமைதானே"ன்னு சொன்னாங்க. சாயங்காலம் டீயும் நாலு வகை கேக்கும். இதுக்கு 'ஸ்மோகோ'னு பேரு. வேலைக்கு நடுவுல டீ குடிக்கற பழக்கம், ஆனா டீயை விட கேக்குதான் ஜாஸ்தி.

மார்ச் 5, ஞாயிறு: ஸ்டான்லி

காலைல வெயில், பத்து மணிக்கு மழை, பதினோரு மணிக்கு ஆலங்கட்டி, பன்னெண்டு மணிக்குத் திரும்ப வெயில். எட்டு டிகிரிதான், ஆனா அந்தக் காத்துல அது எலும்புல குத்துது.

ஊரு சின்னது. தீவு மொத்தத்துக்குமே மூவாயிரத்து ஐநூறு பேர் சொச்சம்தான், அதுல பெரும்பாலானவங்க இங்கதான் இருக்காங்க. ஸ்டான்லிக்கு வெளிய இருக்கற எல்லாத்துக்கும் ஒரே பேரு, 'கேம்ப்'. ராணுவ முகாம்னு நெனச்சுக்கிட்டேன், இல்லயாம், ஸ்பானிஷ்ல வயக்காட்டுக்குச் சொல்ற 'காம்போ'ங்கற வார்த்தை தேஞ்சு வந்தது. மாடு ஓட்டறதுக்கு அந்தக் காலத்துல தென் அமெரிக்காவுல இருந்து வந்த ஆளுங்க விட்டுட்டுப் போன பேச்சு. தகரக் கூரைக்குச் சிவப்பு பச்சை பெயின்ட், கண்ணாடி போட்ட முன்கூடத்துல தக்காளிச் செடி. சர்ச்சுக்கு வெளிய ரெண்டு நீலத் திமிங்கலத்தோட தாடை எலும்பை நட்டு வளைவு கட்டியிருக்காங்க, 1933ல பிரிட்டிஷ் ஆட்சிக்கு நூறு வருஷம் ஆன ஞாபகமா. அதைத் தொட்டுப் பாத்தேன், காஞ்ச பனைமட்டை மாதிரி சொரசொரன்னு இருந்துச்சு.

மத்தியானம் ஆட்டுக்கறி ரோஸ்ட். ஒரு காலத்துல ஆட்டுக்கறிக்கு இங்க '365'னே பேராம், வருஷம் பூரா அதான் சாப்பாடுன்னு. சாப்பிட்டுக்கிட்டே அந்தம்மா கிட்ட ஓட்டைப் பத்திக் கேட்டேன். எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளா உண்டு. 2013 மார்ச் 10, 11 தேதில நடந்த அந்த வாக்கெடுப்புல 1513 பேர் ஆமா, 3 பேர் இல்ல. 99.8 சதவீதம். இப்படி ஒரு கணக்கை எங்க பாத்தாலும் இது சர்வாதிகாரி நடத்தின தேர்தல்னுதானே நமக்குத் தோணும்.

அந்தம்மா கோச்சுக்கல. உள்ள போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வந்தாங்க. டவுன் ஹால் வாசல்ல வரிசை, எல்லாரும் குளிருக்குச் சுருண்டு நிக்கறாங்க, பனித்தூறல் விழுது, இவங்க பிரிட்டன் கொடி போட்ட கோட்டுல. "எங்களை யாரும் கூட்டிட்டுப் போகல, தம்பி. வெளிநாட்டுப் பார்வையாளருங்க பெட்டி பக்கத்துலயே நின்னு பாத்தாங்க. சிலி, உருகுவே, மெக்சிகோன்னு பல தேசத்துக்காரங்க. கேம்ப்ல தனியா இருக்கற வீட்டுக்கெல்லாம் ஜீப்லயும் குட்டி விமானத்துலயும் பெட்டி போச்சு. ஓட்டு இருந்தவங்கள்ல 92 சதவீதம் பேர் வந்தாங்க." கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: பிரிட்டனோட கடல்கடந்த ஆட்சிப்பகுதியா இப்ப இருக்கற நிலைமையே தொடரணும்னு விரும்புறீங்களா?

அந்த மூணு பேர் யாருன்னு கேட்டேன். இந்த ஊர்ல யார் வீட்ல என்ன குழம்புன்னு எல்லாருக்கும் தெரியும், மூணு பேரைத் தெரியாமயா இருக்கும்.

"சிலர் ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. நாங்க தேடல. தேடினா அப்புறம் அதுக்குப் பேரு ஓட்டா?"

அதுக்கு மேல நான் கேக்கல.

மார்ச் 6, திங்கள்: பேங்க், கடை, மியூசியம்

பேங்க்ல பாஸ்போர்ட்டைக் காட்டி கார்டுல பணம் எடுத்தேன், அரை மணி நேரம். முதல் வேலையா அந்தம்மா கணக்கைத் தீத்தேன்.

கடைல காய்கறி விலையைப் பாத்து கை தானா பின்னாடி வந்துருச்சு. வாடின ஒரு காலிஃபிளவர் நாலு பவுண்டுக்கு மேல, நம்ம காசுக்கு 400 ரூபாய். பெரும்பாலும் கப்பல்லதான் வரணும், அர்ஜென்டினாவுல இருந்து வராது. பக்கத்து நாடு 500 கிலோமீட்டர்கூட இல்ல, ஆனா தக்காளி 12,000 கிலோமீட்டருக்கு அப்பால இருக்கற பிரிட்டன்ல இருந்து வரும். இந்தச் சண்டையைப் பத்தி நான் படிச்சதுல எல்லாம் இந்தக் காலிஃபிளவர் புரிய வெச்ச அளவுக்கு எதுவும் புரிய வெக்கல.

மியூசியம் துறைமுகத்து ஓரம். அங்க போர்க்கப்பல் 'ஹெர்மீஸ்' படத்தைப் பாத்ததும் நின்னுட்டேன். 1982ல பிரிட்டன் அனுப்பின கப்பல் படைக்குத் தலைமைக் கப்பல் அது. அதே கப்பல்தான் 1987ல இந்தியாவுக்கு வந்து நம்ம 'விராட்' ஆச்சு. எங்க சித்தப்பா அதுல அஞ்சு வருஷம் வேலை பாத்தவரு. சின்ன வயசுல அவர் அனுப்பின போட்டோவுல அந்த மேல் நோக்கி வளைஞ்ச முன்பக்கத்தை நான் எத்தனை தடவை பாத்திருப்பேன். 2017ல ஓய்வு குடுத்து, 2020ல குஜராத்துல ஆலங் கடற்கரைக்கு உடைக்க இழுத்துட்டுப் போனப்போ சித்தப்பா ரெண்டு நாள் சரியா பேசவே இல்ல. இங்க நின்னு அவருக்கு வாட்ஸப்ல படம் அனுப்பினேன். 10 பவுண்டுக்கு வாங்கின இன்டர்நெட் கார்டு அந்த ஒரு படத்தை ஏத்தறதுக்குள்ள பாதி காலி. "அந்தக் கப்பல் மேல அந்த ஊர்க்காரங்களுக்குப் பிரியம் இருக்கா"ன்னு மட்டும் கேட்டாரு. கவுன்டர்ல இருந்தவங்க கிட்ட அவரைப் பத்திச் சொன்னேன், அவங்க எந்திரிச்சு வந்து எனக்குக் கை குடுத்துட்டு "உங்க சித்தப்பாவுக்கு"ன்னாங்க. அதை அப்படியே அனுப்பினேன்.

ராத்திரி வீட்ல பேச்சு டெல்லி பக்கம் போச்சு. ஆமா, நம்ம டெல்லிதான். மார்ச் 2ஆம் தேதி அங்க ஜி20 வெளியுறவு மந்திரிங்க கூட்டம் நடந்துச்சுல்ல, அங்க வெச்சுதான் அர்ஜென்டினா மந்திரி பிரிட்டன் மந்திரி கிட்ட 2016 உடன்பாட்டை நாங்க கைவிடறோம்னு சொல்லியிருக்காரு. போக்குவரத்து, மீன்பிடி, எண்ணெய் விஷயத்துல கொஞ்சம் ஒத்துப்போகலாம்னு போட்ட உடன்பாடு அது. நான் கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. "உங்க ஊர்ல வெச்சு எங்களைப் பத்திப் பேசிருக்காங்க, எங்களை யாரும் கூப்பிடல"ன்னு அந்தம்மா சொன்னாங்க. குத்தமா சொல்லல, ஆனா எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு.

மார்ச் 7, செவ்வாய்: ஜிப்சி கோவ், யார்க் பே

வாடகைக்கு ஒரு பழைய ஜீப் எடுத்தேன். சாவி குடுக்கறப்ப வண்டிக்காரர் சொன்ன முக்கியமான விஷயம் பிரேக்கைப் பத்தியோ டயரைப் பத்தியோ இல்ல: "காத்துக்கு மூஞ்சி காட்டி நிறுத்து, கதவைக் கையில பிடிச்சுக்கிட்டே தொற." தலையாட்டிட்டு வந்துட்டேன்.

ஜிப்சி கோவ்ல நிறுத்தி கதவைத் தொறந்தேன். காத்து பின்பக்கத்துல இருந்து. கதவு என் கையில இருந்து பிடுங்கிக்கிட்டுப் போய் முன்பக்கத் தகரத்துல டமார்னு அடிச்சு அப்படியே நின்னுருச்சு. திரும்ப மூட வரல. கீல் வளைஞ்சு போச்சு. கயிறு இல்ல, என் மப்ளரைக் கழட்டிக் கட்டிக்கிட்டு இருக்கேன், பக்கத்துல நின்ன வண்டியில இருந்து ஒருத்தர் இறங்கி வந்து ஒண்ணுமே பேசாம முட்டியை வெச்சு அழுத்தி, ஒரு நிமிஷத்துல மூட வெச்சாரு. அப்புறம்தான் சிரிச்சாரு. ஜிம்பாப்வேக்காரர்.

கண்ணிவெடி எடுக்க வந்தவராம். இது எனக்குப் புதுசு. 1982ல அர்ஜென்டினா படை இங்க கடற்கரையெல்லாம் கண்ணிவெடி புதைச்சு வெச்சிருந்துச்சு, பிரிட்டிஷ் படை இந்தக் கரைல இறங்கும்னு எதிர்பாத்து. அவங்க இங்க இறங்கல, தீவோட அந்தப் பக்கம் சான் கார்லோஸ்ல இறங்கினாங்க. வெடி மட்டும் இங்கயே கிடந்துச்சு, 38 வருஷம். ஊர்ல இருந்து கொஞ்ச தூரத்துல இவ்வளவு அழகான வெள்ளை மணல், ஒரு தலைமுறைப் பிள்ளைங்க கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்னே வளந்திருக்காங்க. பென்குயின் மட்டும் உள்ள போய் வந்துச்சாம், வெடிக்கற அளவுக்கு அதுக்கு கனம் இல்லயே. ஜிம்பாப்வே ஆளுங்கதான் மண்டி போட்டு மண்ணைக் குச்சியால குத்திக் குத்தி எடுத்தாங்க. 2020 நவம்பர்ல கடைசி வெடியும் போச்சு, அன்னிக்கு ஊரே ஓடிப்போய் மணல்ல கால் வெச்சுதாம். இவர் குடும்பத்தோட இங்கயே தங்கிட்டாரு. "இந்த மண்ணை எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்கும் தெரியாது, ஒவ்வொரு இஞ்சா தெரியும்"னாரு. அவர் கையைப் பாத்தேன். நகத்துக்கண்ல ஒரு அழுக்கு இல்ல, அவ்வளவு சுத்தமா வெட்டின நகம்.

கதவுக்கு 180 பவுண்டு கட்டச் சொன்னாங்க, காத்தால ஆன சேதத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாதாம். வயிறு எரிஞ்சுச்சு. ராத்திரி வெறும் சோறு வடிச்சு ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டுப் படுத்தேன்.

மார்ச் 8, புதன்: கூஸ் கிரீன், டார்வின்

வண்டி இல்லாததால ஒரு டிரைவரோட போனேன். வயசானவர், முன்னாடி ஆட்டுமுடி வெட்டற வேலை, ஊர்க்காரங்களே பகுதி நேரமா சேர்ற தற்காப்புப் படைலயும் பல வருஷம் இருந்திருக்காரு. போற வழில மவுண்ட் பிளெசன்ட் பக்கம் வந்தப்போ தலைக்கு மேல வானம் கிழியற மாதிரி சத்தம், ரெண்டு டைஃபூன் போர் விமானம், நிமிர்ந்து பாக்கறதுக்குள்ள மலைக்கு அந்தப் பக்கம் போயிருச்சு. மொத்தம் நாலுதான் இங்க நிக்குது. நாலுக்கும் பேர் உண்டுன்னு சொன்னாரு: விசுவாசம், நம்பிக்கை, தர்மம், விரக்தி. முதல் மூணும் இரண்டாம் உலகப் போர்ல மால்டா தீவைக் காப்பாத்தின விமானங்களோட பேரு, நாலாவது பின்னாடி சேந்தது. அப்புறம் ஒரு ரோந்துக் கப்பல், வான் பாதுகாப்பு ஏவுகணை, மலை உச்சில ராடார், ஆயிரம் பேருக்கு மேல ஆளுங்க.

"இவ்வளவு பேரை வெச்சு ஒரு நாட்டையே தடுக்க முடியுமா"ன்னு கேட்டேன்.

"தடுக்கறதுக்கு இல்ல. அந்த ரன்வேயை யாரும் பிடிக்காம வெச்சுக்கறதுக்கு. ரன்வே நம்ம கையில இருந்தா லண்டன்ல இருந்து மறுநாளே ஆள் வந்து இறங்கலாம். 82ல அது இல்லாமதான் கப்பல் வர்ற வரைக்கும் வாரக்கணக்குல காத்துக் கிடந்தோம்." 1982 ஏப்ரல் 2ல அர்ஜென்டினா இறங்கினப்போ இங்க இருந்தது எழுபது பேர் அளவுக்குப் பிரிட்டிஷ் கடற்படை வீரர்களும், கொஞ்சம் ஊர்த் தற்காப்புப் படைக்காரங்களும் மட்டும்தான். ஸ்டான்லில இருந்த பழைய ஓடுபாதை பெரிய விமானத்துக்குப் பத்தாது. அதனாலதான் 1985ல இந்தப் புது ரன்வே.

கூஸ் கிரீன் ஒரு சின்னக் குடியிருப்பு. பச்சையும் வெள்ளையுமா ஆட்டுமுடிக் கொட்டகைங்க, பக்கத்துல சமுதாயக் கூடம். இந்தக் கூடத்துலதான் 1982 மே 1ல இருந்து மே 29 வரைக்கும் ஊர்க்காரங்க 114 பேரை அர்ஜென்டினா படை அடைச்சு வெச்சிருந்துச்சு, கைக்குழந்தைல இருந்து கிழவங்க வரைக்கும். ரெண்டே கக்கூஸ். குண்டு விழ ஆரம்பிச்சப்போ தரைப் பலகையைப் பேத்து அடியில பதுங்கியிருக்காங்க. எங்க வீட்டுக்கார அம்மாவோட அக்காவும் குழந்தையோட அதுக்குள்ள இருந்தவங்க. நான் அந்தப் பலகைல நடந்து பாத்தேன், சாதாரணப் பலகைதான், பேட்மின்டன் ஆடற கோடு போட்டிருந்துச்சு. இங்கதான் அந்த 1513க்கு அர்த்தம் எனக்குப் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. ஒரு மாசம் ஊரையே ஒரு ரூம்ல வெச்சுப் பூட்டினவங்க பின்னாடி எத்தனை வரைபடம், எத்தனை சரித்திரம் காட்டினாலும் அந்த ஜனங்க எப்படி வேற மாதிரி ஓட்டுப் போடுவாங்க.

ஆனா அங்கேருந்து கொஞ்ச தூரம் போனா டார்வின் பக்கம் அர்ஜென்டினா வீரர்களோட கல்லறை. வெட்டவெளி நடுவுல, வெள்ளை வேலிக்குள்ள, 237 வெள்ளைச் சிலுவை. ஒவ்வொரு சிலுவைலயும் ஜெபமாலை தொங்குது, பத்து பதினஞ்சு, சாயம் போன பிளாஸ்டிக் மணி. காத்துல அந்த மணியெல்லாம் சிலுவைக் கட்டைல தட்டித் தட்டி ஒரு சத்தம், மழை தகரத்துல லேசா விழற மாதிரி. வேற எந்தச் சத்தமும் இல்ல.

ஒரு சிலுவை முன்னாடி ஒரு பெரியவர் மண்டி போட்டு கல்லைக் கைக்குட்டையால துடைச்சுக்கிட்டு இருந்தாரு. எனக்கு ஸ்பானிஷ் ஓரளவு வரும், "யாரு ஐயா"ன்னு கேட்டேன். தம்பி. 19 வயசு. கொர்ரியென்டஸ் மாகாணம், நம்ம ஊர் மாதிரி வெக்கையான இடம், அந்தப் பையன் ஒரு நாள்கூட பனியைப் பாத்ததில்ல. கட்டாய ராணுவ சேவைல போனவன், சில மாசப் பயிற்சி. சாப்பாடு ஒழுங்கா வராதாம், பசில ஆட்டைத் திருடின பையன்களை அவங்க அதிகாரியே குளிர்ந்த தரைல குச்சி நட்டு கை காலைக் கட்டிப் போட்ட கதையெல்லாம் பின்னாடி அவன் கூட இருந்தவங்க வந்து சொன்னாங்களாம். 35 வருஷமா இந்தக் கல்லுல பேர் இல்ல, 'கடவுளுக்கு மட்டும் தெரிஞ்ச அர்ஜென்டினா வீரன்'னு மட்டும் இருந்துச்சு. 2017ல செஞ்சிலுவைச் சங்கம் எலும்பை எடுத்து மரபணு பாத்துதான் நூத்துக்கும் மேல பேரோட பேரைக் கண்டுபிடிச்சாங்க. அம்மா ரத்தம் குடுத்தாங்களாம். முடிவு வர்றதுக்கு முன்னாடி போய்ட்டாங்க.

நான் சும்மா இருந்திருக்கலாம், ஆனா கேட்டுட்டேன், இங்க இருக்கறவங்க போட்ட ஓட்டைப் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு.

கைக்குட்டையை மடிச்சு பையில வெச்சாரு. "இவங்க நல்லவங்க. நேத்து ஒரு பொண்ணு எனக்கு காசு வாங்காம காப்பி குடுத்துச்சு. ஆனா 1833ல எங்க ஆளுங்களை வெளிய அனுப்பிட்டு, தன் ஆளுங்களைக் குடி வெச்சுட்டு, அப்புறம் அவங்களையே கேட்டா அவங்க வேற என்ன சொல்லுவாங்க? அந்த ஓட்டை நான் ஒத்துக்கிட்டா இவன் எதுக்குப் படுத்திருக்கான்?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரல. அர்ஜென்டினா அரசாங்கம் சொல்ற வாதமும் இதேதான்: குடியேத்தப்பட்ட ஜனங்களுக்குச் சுயநிர்ணய உரிமை பொருந்தாது, 1965ல ஐ.நா. தீர்மானம் ரெண்டு அரசாங்கமும் பேசித் தீர்க்கத்தான் சொல்லிருக்கு, இந்த ஓட்டு செல்லாது. அதைப் பேப்பர்ல படிக்கறது வேற. திரும்பற வழில டிரைவரும் நானும் ரொம்ப நேரம் பேசல. ஸ்டான்லி கிட்ட வந்தப்போ அவரே சொன்னாரு, "அந்தப் பசங்க மேல எங்களுக்குக் கோவம் இருந்ததில்ல. ஜன்னல் வழியா பாத்திருக்கேன், குப்பைத் தொட்டில சாப்பாடு தேடினாங்க."

மார்ச் 9, வியாழன்: வாலன்டியர் பாயின்ட்

கடைசில பென்குயின். ரோடே இல்லாத சேத்துல மூணு மணி நேரம், ரெண்டு தடவை புதைஞ்சு கயிறு கட்டி இழுத்தாங்க, இடுப்பு கழண்டுருச்சு. 160 பவுண்டு. கிங் பென்குயின் நூத்துக்கணக்குல நிக்குது, காதோரம் ஆரஞ்சு. குட்டிங்க பழுப்புக் கம்பளிக்குள்ள உருண்டையா, ஒண்ணு என் பூட்ஸ் லேஸைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்துச்சு, நான் அசையாம நின்னேன், அது விடல. எந்த நாட்டுக் கொடியும் அங்க இல்ல. மூணு மணி நேரம் இருந்தோம், முதல் தடவையா இந்த வாரம் மனசு லேசா இருந்துச்சு. ராத்திரி மீனும் சிப்ஸும், 13 பவுண்டு, நல்ல தடிமன் மீன்.

மார்ச் 10, வெள்ளி: ஸ்டான்லி, மழை

பத்து வருஷம் முன்னாடி இதே நாள் ஓட்டு. காலைல டவுன் ஹால் முன்னாடி போய் நின்னேன். தபால் ஆபீஸ்ல ரெண்டு பேர் ஸ்டாம்பு வாங்கிக்கிட்டு இருந்தாங்க, அவ்வளவுதான். மழை குறுக்கால அடிச்சுச்சு, குடை எல்லாம் இந்த ஊர்ல வீண்.

மத்தியானம் ஒரு சின்ன ஓட்டல்ல கணவாய் வறுவல். அருமையா இருந்துச்சு, நம்ம தூத்துக்குடிப் பக்கம் கடம்பானு சொல்றதை இங்க மாவுல முக்கிப் பொரிக்கறாங்க. சமைக்கறவங்க செயின்ட் ஹெலினாங்கற இன்னொரு பிரிட்டிஷ் தீவுக்காரங்க, இருபத்தஞ்சு வருஷமா இங்க இருக்காங்க. இந்தத் தீவோட சம்பாத்தியமே இந்தக் கணவாய்தான்னு அவங்கதான் சொன்னாங்க. போருக்கு முன்னாடி ஆட்டுமுடியை மட்டும் நம்பி ஜனம் ஊரை விட்டுப் போய்க்கிட்டே இருந்துச்சு, 1986ல மீன்பிடி எல்லை அறிவிச்சு வெளிநாட்டுக் கப்பலுக்கு லைசென்ஸ் விக்க ஆரம்பிச்சப்புறம்தான் ஆஸ்பத்திரி, ஸ்கூல், பிள்ளைங்க பிரிட்டன்ல படிக்கற செலவு எல்லாம். ராணுவமும் வெளியுறவும் மட்டும் லண்டன் செலவு. 2013ல இவங்களுக்கும் ஓட்டு இருந்துச்சு. "நான் இங்க பொறக்கல, ஆனா என் ரெண்டு பிள்ளைங்களும் இங்கதான் பொறந்துச்சு. என்னையும் கேட்டாங்க. நான் பொறந்த தீவுல என்னை யாரும் எதையும் கேட்டதில்ல."

ராத்திரி வீட்டுக்கார அம்மா கூட அடுப்படில ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். இதைத்தான் நான் முழுசா எழுதணும்னு நெனச்சேன், ஏன்னா இது எங்கயும் நான் படிக்காதது.

எழுபதுகள்ல இந்த ஊருக்கு விமானம் வந்ததே அர்ஜென்டினாவுல இருந்துதான். 1971ல ரெண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தம். பெரிய வியாதின்னா அங்கதான் போவாங்க, பெட்ரோல் அங்கேருந்து, ஸ்டான்லி ஸ்கூல்ல ஸ்பானிஷ் சொல்லிக்குடுக்க அர்ஜென்டினா டீச்சருங்க. இந்தம்மா அவங்க கிட்ட படிச்சவங்க. "எங்க டீச்சர் எனக்கு ஸ்வெட்டர் பின்னிக் குடுத்தாங்க"ன்னு சொல்லிட்டு ஸ்பானிஷ்ல ஒரு தாலாட்டு ரெண்டு வரி முணுமுணுத்தாங்க, உச்சரிப்பு சுத்தமா இருந்துச்சு. அதே சமயம் லண்டன் இவங்களைக் கை கழுவப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. 1980ல நிக்கோலஸ் ரிட்லின்னு ஒரு மந்திரி இங்க வந்து, உரிமையை அர்ஜென்டினாவுக்குக் குடுத்துட்டுக் குத்தகைக்குத் திரும்ப வாங்கிக்கலாம்னு கூட்டம் போட்டுச் சொன்னாரு. ஜனங்க கூச்சல் போட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. மறு வருஷம் வந்த குடியுரிமைச் சட்டத்துல தீவுக்காரங்க நிறைய பேருக்கு முழு பிரிட்டிஷ் குடியுரிமை கிடையாதுன்னு ஆச்சு. இந்தக் கடல்ல சுத்திக்கிட்டு இருந்த ஒரே கடற்படைக் கப்பலையும் செலவு மிச்சம்னு எடுத்துடறோம்னாங்க. அடுத்த ஏப்ரல்ல அர்ஜென்டினா படை வந்து இறங்கிருச்சு. ஸ்டான்லிக்குப் புவெர்டோ அர்ஜென்டினோன்னு பேர் மாத்தி, ரோட்ல அம்புக்குறி வரைஞ்சு வலது பக்கமா வண்டி ஓட்டச் சொன்னாங்க.

"அதனால அந்த ஓட்டு அர்ஜென்டினாவுக்குச் சொன்ன பதில்னு எல்லாரும் நினைக்கறாங்க. பாதிதான் அது. மீதி பாதி லண்டனுக்கு. இன்னொரு தடவை எங்களை வெச்சு வியாபாரம் பேசாதே, எங்க கையெழுத்து இங்க இருக்குன்னு."

போர் முடியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, ஸ்டான்லில ஒரு வீட்டுக்குள்ள ஒதுங்கியிருந்த மூணு பொம்பளைங்க குண்டு விழுந்து செத்தாங்க. இந்தப் போர்ல செத்த தீவுக்காரங்க அவங்க மூணு பேர்தான். அது பிரிட்டிஷ் கப்பல்ல இருந்து வந்த குண்டு. பிரிட்டன் பக்கம் 255 பேர், அர்ஜென்டினா பக்கம் 649 பேர், இவங்க மூணு பேர். 74 நாள்ல. இதைச் சொல்றப்போ அந்தம்மா கை சப்பாத்திக்குப் பிசையற மாதிரி கேக் மாவை அழுத்திக்கிட்டே இருந்துச்சு, ரொம்ப நேரம், தேவைக்கு மேல.

நான் சந்தேகத்தோட வந்தவன். இப்ப என் மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன்: அங்க இருக்கறவங்களைக் கேக்காம அந்த ஊரைப் பத்தி யாரும் முடிவு பண்ணக்கூடாது. டெல்லிலயும் கூடாது, லண்டன்லயும் கூடாது, புவெனஸ் ஐரெஸ்லயும் கூடாது. அதை நான் உறுதியா சொல்றேன். டார்வின்ல அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு மட்டும் இதுல பதில் இல்ல.

மார்ச் 11, சனி: திரும்பல்

அந்தம்மா ஒரு பாட்டில் டிடில்-டீ ஜாம் குடுத்தாங்க, இங்க காட்டுல கிடைக்கற சின்னச் சிவப்புப் பழம், கொஞ்சம் கசப்பு. "கைப்பைல வெக்காதே, பிடுங்கிடுவாங்க"ன்னு அவங்களே பெட்டிக்குள்ள என் ஸ்வெட்டர்ல சுத்தி வெச்சாங்க. மீதி ஊறுகாயை நான் அங்க விட்டுட்டு வந்தேன், அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு, ரொட்டில தடவிச் சாப்பிடறாங்க.

தளத்துல மூணு மணி நேரம் காத்திருப்பு. குறுக்கு மலைல இருந்து வர்ற காத்து சரியில்லன்னு விமானம் இறங்காம சுத்திக்கிட்டு இருந்துச்சு, டீ தவிர ஒண்ணும் கிடைக்கல.

உள்ள என் பக்கத்து சீட்டுல டார்வின்ல பாத்த அதே பெரியவர். கையில ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர், அதுல கொஞ்சம் கூழாங்கல். மேல ஏறினதும் அவரே பேச்சு குடுத்தாரு. ஓட்டைப் பத்தி அன்னிக்கு நான் கேட்டதை யோசிச்சுக்கிட்டே இருந்திருக்காரு போல.

"மூணு பேர் வேண்டாம்னு போட்டாங்கல்ல. அவங்க யாருன்னு யாராவது சொன்னாங்களா?"

சொல்லல, தேடவும் இல்லயாம்னேன். அவர் முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. மூணு பேராவது நம்ம பக்கம்னு நெனச்சிருப்பாரு. மறைக்க எனக்கு மனசு வரல. "சிலர் அவங்க தனி நாடு கேட்டவங்களா இருக்கும்னும் சொல்றாங்க, ஐயா. பிரிட்டனும் வேண்டாம், அர்ஜென்டினாவும் வேண்டாம்னு."

அவர் ஒண்ணும் சொல்லல. கவரை மடில வெச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாரு. கீழ மேகம் மூடியிருந்துச்சு.